ஏணிக்காரரின் நான்கு அடி

காலை பதினொன்று இருபதுக்குச் செய்தி வந்தது. அது அலுவலகக் கடிகாரம் காட்டிய நேரம். அந்தக் கடிகாரம் பத்து நிமிடம் பிந்தி ஓடுவது. அதைச் சரிசெய்வதற்கு ஒரு கோப்பு நடப்பில் இருந்ததால் யாரும் அதில் கை வைப்பதில்லை. நடைபாதை ஆய்வாளர் வீதிச் சுற்றை முடித்துவிட்டு வந்து, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நான்காம் மேசைக்கு முன்னால் நின்றார்.

"ஏணிக்காரர் காலையில போயிட்டாராம்மா. நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான் தாங்கியிருக்கார்."

நான்காம் மேசை என்றால் ஒரு பெண். நகராட்சியின் கட்டிட அனுமதிப் பிரிவில் எழுத்தர். அந்த அறையில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, மேசை எண்ணைத்தான் சொல்வார்கள். "நாலாம் மேசை சாப்பிடப் போயிருக்கு" என்பார்கள், மேசையே எழுந்து நடந்து போனதுபோல. அவள் அந்த நாற்காலிக்கு வந்து பதினொரு ஆண்டும் சில மாதமும் ஆகியிருந்தன. வந்த முதல் வாரத்தில் அவள் பிரித்த முதல் கோப்பு ஏணிக்காரருடையது. இப்போது அவள் முன்னால் நாடா கட்டிக் கிடந்ததும் அதே கோப்புதான். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். எல்லாப் பிரிவையும் தாண்டி, ஆணையரின் ஒரே ஒரு கையெழுத்துக்காக மறுநாள் மேலே போகவேண்டியது.

அவள் நாடாவை அவிழ்த்தாள். மறுபடி கட்டினாள்.

ஏணிக்காரர் கேட்டது ஒன்றும் மலையைப் பெயர்க்கிற காரியமில்லை. நான்கு அடி. அதுவும் அவருடைய சொந்த இடத்தில். பட்டறை பதினாறு அடி நீளம், பன்னிரண்டு அடி அகலம். பின்சுவருக்கு அப்பால் துணி காயப்போடும் முற்றம் அவருடையதே. பின்சுவரை இடித்து நான்கு அடி தள்ளிக் கட்டிக்கொண்டால் பட்டறை இருபது அடியாகிவிடும். பழத்தோட்டக்காரர்கள் வாங்கும் ஏணியும் இருபது அடி. கணக்கு அவ்வளவு சுலபமானது. அதனால்தானோ என்னவோ, அலுவலகத்துக்கு அது விளங்கவே இல்லை.

பதினாறு அடி அறையில் இருபது அடி ஏணியை நீளவாக்கில் போட்டால் நான்கு அடி வாசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நிற்கக் கண்டு நடைபாதை ஆய்வாளர் நோட்டீஸ் கொடுத்தார். கொடுத்த அன்றைக்கே சாயங்காலம் நகராட்சியின் தெருவிளக்குக்காரர்கள் வந்து, எதிர்க் கம்பத்தில் பல்பு மாற்ற, நோட்டீஸ் ஒட்டிய அதே ஏணியை இரவல் வாங்கிப் போனார்கள். திருப்பிக் கொடுக்கும்போது நோட்டீஸைப் பத்திரமாக அதிலேயே விட்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு ஏணிக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர் அவர். ஒரு கயிற்றை எடுத்து அறையின் மூலைக்கு மூலை பிடித்துப் பார்த்தார். சரியாக இருபது அடி. ஏணியை ஒருக்களித்துக் குறுக்காகக் கிடத்தினால் இரண்டு முனையும் சுவரில் மூக்கை உரசிக்கொண்டு அடங்கிவிடும். பின்னால் ஒருமுறை பார்வையிட வந்த பொறியாளர், கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கரெக்டா வருதே" என்று ஆச்சரியப்பட்டார். "அறைக்குத் தெரிஞ்ச கணக்கு சார், நான் போடல" என்றாராம் இவர்.

ஏணி அடங்கியது. ஆட்கள்தான் அடங்கவில்லை. குறுக்கே கிடக்கும் ஏணிக்கு இந்தப்பக்கம் ஏணிக்காரர், அந்தப்பக்கம் அவர் மனைவி. படிகளை இழைத்துத் தேய்த்துக் கொடுப்பது அந்த அம்மாள்தான். ஆணி வேண்டுமென்றால் ஏணியைத் தாண்டவேண்டும், தண்ணீர் வேண்டுமென்றால் தாண்டவேண்டும். வாங்க வருகிறவர் காலைத் தூக்கி உள்ளே வரவேண்டும். ஒரு ஏணி முடிந்து போனால்தான் அடுத்தது. அறுபது வேண்டுமென்று வந்தவர்கள் ஆறு வாங்கிக்கொண்டு, மீதிக்கு அடுத்த ஊர்த் தொழிற்சாலைக்குப் போனார்கள். இரண்டு பேரை வேலைக்கு வைக்கலாம் என்று அவருக்கு ஆசை. வைத்தால் எங்கே நிற்பார்கள், ஏணி மேலா என்று மனைவி கேட்பாள்.

கோப்பு அதுபாட்டுக்கு ஊர் சுற்றியது. பட்டறைக்குப் பின்னால் புதிதாக ஒரு சந்து வரவே, வரைபடப்படி பின்பக்கம் முன்பக்கமாகிவிட்டது என்று ஒரு பிரிவு திருப்பி அனுப்பியது. மரத்தூள் பறக்குமே என்று சுகாதாரப் பிரிவு கேட்டது. தீயணைப்புப் படிவத்தில் ஒரு கேள்வி: ஆபத்துக் காலத்தில் வெளியேற ஏணி வசதி உண்டா? ஏணிக்காரர் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்: உண்டு, விற்பனைக்கும் உண்டு. கிண்டல் தொனிக்கிறது என்று அந்தப் படிவம் திரும்பி வந்தது. எண்பத்தேழாம் பக்கம். அவள் அதை எத்தனை முறை படித்துச் சிரித்திருப்பாள் என்று கணக்கில்லை.

நடுவில் இரண்டு வருடம் கோப்பே காணவில்லை. யாரோ ஒருவரின் நாய் உரிமக் கோப்போடு சேர்த்துக் கட்டி ஆவண அறையின் உச்சித் தட்டில் போட்டுவிட்டார்கள். இருக்கும் இடம் தெரிந்தபின் எட்டுவதற்கு வழியில்லை. ஆவண அறைக்கு ஏணி வாங்கும் கோரிக்கை நிதிப் பிரிவில் கிடந்தது. விஷயம் கேட்ட ஏணிக்காரர் மறுநாள் காலை தோளில் ஒரு பத்தடி ஏணியோடு வந்து சேர்ந்தார். வாசல் காவலர் வருகைப் பதிவேட்டில் 'ஆள் ஒன்று, ஏணி ஒன்று' என்று எழுதி உள்ளே விட்டார். தம் கோப்பைத் தாமே ஏறி எடுத்து, தூசி தட்டி, அவள் கையில் கொடுத்தார். போகும்போதுதான் சங்கடம். ஆள் வெளியே போகலாம், ஏணி போக வெளிச்செல்லும் சீட்டு வேண்டும் என்றார் காவலர். சீட்டு கொடுக்கும் அதிகாரி விடுப்பில். அவர் திரும்பி வருவதற்குள் சொத்துத் தணிக்கை வந்து, ஏணியில் வெள்ளைப் பெயின்ட்டில் அலுவலக எண் போட்டுவிட்டுப் போய்விட்டது. ஏணிக்காரர் அந்த எண்ணைத் தடவிப் பார்த்துவிட்டு, "என் பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகம் கிடைச்சிருச்சு" என்று மட்டும் சொன்னார்.

அவர் மாதம் இரண்டு தடவை வருவார். முதல் மூன்று வருடம் அவளை "மேடம்" என்றார். அப்புறம் எப்போதோ அது "தங்கச்சி" ஆனது. விடுதியில் விட்ட பிள்ளையைப் பார்க்க வருகிறவர்போல, "தங்கச்சி, நம்ம கோப்பு நல்லா இருக்கா? இளைச்சுப் போச்சா?" என்று கேட்பார். இளைக்கவில்லை, மாதாமாதம் பருத்துத்தான் வருகிறது என்று அவள் காட்டுவாள். குறுக்கு வழி சொல்லிக்கொடுத்தவர்களும் உண்டு. ஏணி செய்கிறவன் ஒவ்வொரு படியாகத்தான் போவேன் என்று அவர்களைச் சிரித்தே அனுப்பிவிட்டார். தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து, ஆடிக்கொண்டிருந்த அதன் காலுக்கு அவரே ஆப்பு வைத்து நிறுத்தினார். அதற்கு மட்டும் யாரும் அனுமதி கேட்கவில்லை.

அவளுக்கு அவர் மேல் கோபம் வந்த நாட்களும் உண்டு. கத்தமாட்டாரே என்ற கோபம். கத்துகிறவர்களின் கோப்பு கொஞ்சம் வேகமாக நகர்வதை அவள் பார்த்திருக்கிறாள். ஒருநாள் அதை அவரிடமே சொன்னாள். "கத்தினா உன் பேர்லதானே தங்கச்சி வந்து விழும்" என்றார். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இந்த முறை அவர் வந்தது நேற்று முன்தினம். பழத்தோட்டக்காரர் சங்கத்திலிருந்து அறுபது ஏணிக்குப் பேசியிருந்தார்கள். ஒரு நிபந்தனை: மாதக் கடைசிக்குள் அனுமதித் தாளைக் காட்டவேண்டும், இல்லாவிட்டால் தொழிற்சாலைக்குப் போய்விடுவோம். மனைவியின் தம்பி வேலையை விட்டுவிட்டுப் பட்டறைக்கு வந்துசேரத் தயார். மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. கையெழுத்து ஒன்றுதானே பாக்கி, ஒன்பது நாள் தாராளம் என்று அவள் சொன்னாள். அவரும் தாராளம் என்றார்.

இப்போது அந்த ஒன்பது நாள் தாராளம் போய்விட்டது. அவளுக்கு விதி மனப்பாடம். விண்ணப்பதாரர் இறந்தால் நிலுவையிலுள்ள விண்ணப்பம் அத்தோடு முடிந்தது. வாரிசு புதிதாக எழுதித் தரவேண்டும், முதல் பக்கத்திலிருந்து. சந்து முன்பக்கமா பின்பக்கமா என்பதிலிருந்து. ஆணை பிறந்துவிட்டால் மட்டும் கதை வேறு. ஆணை கட்டிடத்துக்கு உரியது. ஆள் மாறினாலும் அது நிற்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு கையெழுத்து.

இன்னொரு வழக்கமும் அவளுக்குத் தெரியும். அது எந்தப் புத்தகத்திலும் இல்லாவிட்டாலும் அந்தக் கட்டிடத்தின் அஸ்திவாரமே அதுதான். எந்தச் செய்தியும் தபால் பிரிவில் காகிதமாக வந்து, முத்திரை குத்தி, எண் வாங்கினால்தான் அலுவலகத்துக்குத் தெரிந்ததாக அர்த்தம். போன மழைக்காலத்தில் மாடிக் கூரை ஒழுகி எல்லார் தலையிலும் சொட்டியபோதுகூட, புகார்க் கடிதத்துக்கு எண் விழும்வரை மூன்று நாள் கூரை ஒழுகவில்லை என்றுதான் இருந்தது. ஏணிக்காரர் செத்துப்போனது அவளுக்குத் தெரியும். நடைபாதை ஆய்வாளருக்குத் தெரியும். அலுவலகத்துக்கு இன்னும் தெரியாது.

அவள் எழுந்தபோது, தாழ்வாரத்தில் ஏணிக்காரரின் மைத்துனர் நின்றுகொண்டிருந்தார். கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு. இறப்பைப் பதிந்து, அடக்கத்துக்கு அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும். அந்த அலுவலகத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே முகம் இவளுடையது என்பதால் எந்த ஜன்னல் என்று கேட்க வந்திருந்தார். ஜன்னல் எதிரிலேயே இருந்தது, மூன்றாவது. கூட்டமும் இல்லை. அவர் போய்ச் சீட்டை நீட்டினால் ஐந்து நிமிடத்தில் எண் விழுந்துவிடும். மற்ற எதற்கும் இல்லாத சுறுசுறுப்பு அந்த ஜன்னலுக்கு உண்டு.

மனிதர்களைக் காக்க வைக்கும் கட்டிடத்தில் பதினொரு வருடம் இருந்தும், அவள் தெரிந்தே ஒருவரைக் காக்க வைத்ததில்லை. அதுவும் இப்படி ஒரு நாளில், இப்படி ஒரு காரியத்துக்கு.

"அண்ணே, கொஞ்சம் உக்காருங்க" என்றாள். பிறகு மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். கோப்பு, கையெழுத்து, எண். "ஒரு மணி நேரம் குடுங்க. முடியலன்னா நானே உங்களக் கூட்டிட்டுப் போய்ப் பதிஞ்சு தர்றேன். உங்க அக்கா என்ன சொல்வாங்களோ தெரியல."

அவர் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பெஞ்சைப் பார்த்தார்.

"மச்சான் உக்காருற பெஞ்சு இதுதானே?"

"இதுதான்."

"அவர் பதினோரு வருஷம் உக்காந்தார். நான் ஒரு மணி நேரம் உக்காந்தா தேய்ஞ்சிட மாட்டேன். போங்க."

அவள் கோப்பைத் தூக்கிக்கொண்டாள். கோப்பை மேசைக்கு மேசை கொண்டுபோவது கடைநிலை உதவியாளரின் வேலை. அவருக்குப் 'புயல்' என்று பட்டப்பெயர். பத்தடி தூரத்துக்கு அரைநாள் எடுப்பார் என்பதால் வந்தது. அவர் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டு, "மேடம், நீங்களா கொண்டுபோறீங்க?" என்று எழுந்து நின்றுவிட்டார். எழுத்தர் ஒருவர் கோப்பைச் சுமந்து நடப்பதை அவர் அதுவரை பார்த்ததில்லை.

முதலில் கண்காணிப்பாளர். விதிப்புத்தகத்துக்குக் கால் முளைத்தது போன்றவர். கடைசிக் குறிப்பில் அவருடைய சுருக்கொப்பம் இல்லாமல் கோப்பு மேலே ஏறாது. அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி, கோப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நடைபாதை ஆய்வாளரின் நாக்கு அந்த அறையையும் எட்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

"இது நாளைக்குத்தானே போகணும்?"

"இன்னைக்கே போனா நல்லது சார்."

"ஏன்னு கேட்டா நீ ஏதாவது சொல்லுவ. அப்புறம் நான் அதைக் குறிப்புல எழுதணும்." அவர் பேனா மூடியைக் கழற்றினார். "இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல தபால் எண் இல்லாத சேதிய நான் காதுல வாங்கினதில்ல. இன்னைக்கு மட்டும் எதுக்கு வாங்கணும்?"

ஒப்பம் போட்டு, தேதியும் போட்டு, நேரத்தையும் போட்டார். நேரம் போடும் வழக்கம் அவருக்குக் கிடையாது. பன்னிரண்டு ஐந்து. கோப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, பெஞ்சுக்கு ஆப்பு வைத்தவர்தானே என்று மெதுவாகக் கேட்டார். அவள் தலையாட்டினாள். அவர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு வேறு கோப்பைப் பிரித்துவிட்டார்.

ஆணையர் கூட்டத்துக்குப் போகப் படியிறங்கிக்கொண்டிருந்தார். அவள் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள்போல ஓடி, வண்டிக்குப் பக்கத்தில் பிடித்தாள். மூச்சு வாங்கியதில் வணக்கம் சொல்ல மறந்துவிட்டது. ஆணையர் புதியவர், வந்து நான்கு மாதம்தான். கோப்பைக் கையில் வாங்கி எடைபோட்டுப் பார்த்தார்.

"எத்தனை மாடிக் கட்டிடம் இது?"

"மாடி இல்ல சார். பின்சுவர் நாலு அடி தள்ளுறது."

"நாலு அடிக்கு இவ்வளவு கனமா? எத்தனை வருஷம்?"

"பதினொண்ணு."

"என்ன காரணம்?"

"முந்நூத்திப் பன்னெண்டு பக்கம் இருக்கு சார், காரணம்" என்றாள். ஆணையர் நிமிர்ந்து பார்த்தார். கண்டிக்கப்போகிறார் என்று நினைத்தாள். அவர் வண்டியின் முன்மூடியிலேயே கோப்பை வைத்து, கடைசிப் பக்கத்தைப் படித்து, கையெழுத்திட்டார்.

அனுப்புகைப் பிரிவில் ஆணைக்கு எண் விழுந்தபோது பன்னிரண்டு ஐம்பது. அரசு முத்திரை இறங்கும் சத்தம் அவளுக்கு அதுவரை எரிச்சலூட்டுவதாகவே இருந்திருக்கிறது. அன்று அந்தச் சத்தத்துக்குப் பிறகு அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள். காலையிலிருந்து வரமாட்டேன் என்று முரண்டுபிடித்த அழுகை அங்கே, கோந்துப் புட்டிகளுக்கு நடுவில் வந்தது. பதினொரு வருடம் எடுத்த காரியம், தூக்கிக்கொண்டு நடந்ததில் ஒரு மணி நேரத்தில் முடிந்திருந்தது. யாராவது முன்பே தூக்கிக்கொண்டு நடந்திருக்கலாம். அந்த யாராவது அவளாகவும் இருந்திருக்கலாம். இதை அவள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் ஜன்னலை உணவு இடைவேளைக்கு மூடும் நேரம். அவள் கதவிடுக்கில் கையை வைத்துக்கொண்டு மைத்துனரைக் கூப்பிட்டாள். அனுமதிச் சீட்டு உடனே கிடைத்தது. ஒன்று பத்துக்கு, அலுவலகத்தைப் பொறுத்தவரை, ஏணிக்காரர் இறந்தார்.

ஆறு நாள் கழித்து, மாதத்தின் கடைசி நாளுக்கு முந்தைய நாள், ஆணையை நேரில் கொடுக்க அவள் பட்டறைக்குப் போனாள். கோப்பில் அத்தனை முறை வரைபடமாகப் பார்த்த அறையை அன்றுதான் கண்ணால் பார்த்தாள். உள்ளே போக அவளும் காலைத் தூக்கவேண்டியிருந்தது. ஏணிக்காரரின் மனைவி அந்தப்பக்கம் உட்கார்ந்து ஒரு படிக்கட்டையை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆணைத் தாளை வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"நாலாம் மேசை நீதானா? என்னைவிட உன்னைத்தான் அதிகம் பாத்திருக்கார் மனுஷன். அடுத்த ஜென்மத்துல அந்த மேசையையே கட்டிக்கோங்கன்னு சொல்லியிருக்கேன்." சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அன்னைக்கு என் தம்பிய உக்கார வச்சியாமே."

"ஆமா அக்கா. மன்னிச்சுக்கங்க."

"எதுக்கு மன்னிப்பு? இவருக்கே அவசரம் இருந்ததில்ல." அவள் மறுபடி தாளைப் பார்த்தாள். "இது என்ன, ஒண்ணு புள்ளி ரெண்டு மீட்டர்னு போட்டிருக்கு? நாலு அடின்னுல்ல கேட்டோம்?"

எழுத்தர் எட்டிப் பார்த்தாள். நடுவில் எப்போதோ படிவங்கள் மீட்டருக்கு மாறியிருந்தன. எந்தக் கையோ நான்கு அடியை, கடைசி இலக்கங்களை வெட்டி, முழுசாக்கி எழுதியிருந்தது. கூட நின்ற மைத்துனர் அளவு நாடாவைப் பிரித்துப் பார்த்தார். முக்கால் அங்குலம் குறைந்தது. இருபது அடி ஏணி தரையில் படுக்க, முக்கால் அங்குலம். அவள் திருத்தம் கேட்டு எழுதலாம் என்று சொல்ல வாயெடுத்து, அதற்கு எத்தனை பக்கம் ஆகும் என்று நினைத்து நிறுத்திக்கொண்டாள்.

அந்த அம்மாள்தான் முதலில் சிரித்தாள். அழுத கண்ணோடு, வயிறு குலுங்க. அவர் இருந்திருந்தால் இதைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார் என்றாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"சுவருக்குப் பூச்சு எவ்வளவு கனம்டா வரும்?"

"முக்கால் அங்குலம் வரும்க்கா."

"அப்போ பின்சுவர உள்பக்கம் பூசாம விடு."

சங்கத்துக்காரர்கள் மறுநாள் தாளைப் பார்த்துவிட்டு வாக்குக் கொடுத்தார்கள். சுவர் எழுந்தது. இரண்டு பேர் வேலைக்குச் சேர்ந்தார்கள், தரையில்தான் நிற்கிறார்கள். ஏணிகள் அறுபதும் பருவத்துக்கு முன்பே போய்விட்டன. இப்போது அடுத்த நாற்பது நடக்கிறது. சுவரின் எல்லாப் பக்கமும் பூசி முடித்தால்தான் பணி நிறைவுச் சான்று கொடுக்க முடியும் என்பதால், நான்காம் மேசையில் அந்தக் கோப்பு இன்னும் மூடப்படவில்லை. மாதாமாதம் அவள் பதிவேட்டில் 'நிலுவை' என்று எழுதுகிறாள். பின்சுவரின் உள்பக்கம் இன்னும் பூசாமல் இருக்கிறது.